விரத வீட்டு வாத்து ஈரல்

பிள்ளைகளே, நாளைக்கு யாராவது உங்களிடம் வந்து, "உங்க வீட்டுல ஃபுவா க்ரா செஞ்சாங்களாமே, உண்மையா?" என்று கேட்டால், ஆமாம் என்று தலையை ஆட்டிவிடுங்கள். எப்படிச் செய்தார்கள் என்று கேட்டால் மட்டும் இதைப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். உங்கள் பெரியம்மா வீட்டில் இதே கதை வேறு மாதிரி ஓடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அதனால்தான் நான் எழுதுகிறேன். பைராம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு, அப்புறம் மூன்றாம் படிவம், அதோடு படிப்பு முடிந்தது. துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் எழுதுவதில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். உங்களை டியூஷனுக்கு அதற்காகத்தான் அனுப்புகிறோம்.

முதலில் அந்தப் பதார்த்தம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பிரான்ஸ் நாட்டில் வாத்துக்கு வாயில் குழாய் வைத்து, அது போதும் போதும் என்று கத்தினாலும் விடாமல் ஊட்டுவார்களாம். ஊட்டி ஊட்டி அதன் ஈரல் வீங்கிக் கொழுத்த பிறகு எடுத்து, வெண்ணெய் மாதிரி மசித்து, ரொட்டியில் தடவித் தின்பார்கள். கேட்டால் கொடுமை என்பீர்கள். நம் கல்யாண வீட்டுப் பந்தியில் மனிதர்களுக்கு நாம் செய்வதைத்தான் அவர்கள் வாத்துக்குச் செய்கிறார்கள். என்ன, நாம் ஈரலை எடுப்பதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு வருடமும் ஜனவரி முதல் தேதி சாயங்காலம் தஞ்சோங் தோக்கோங்கில் பெரியம்மாவின் கொண்டோ அடுக்குமாடி வீட்டில் குடும்ப விருந்து நடக்கும். அந்த வீட்டுப் பால்கனியிலிருந்து பார்த்தால் கடல் தெரியும். தெரியவில்லை என்றாலும் தெரிகிறது என்று பெரியப்பா காட்டிவிடுவார். ஆளுக்கு ஒரு சாப்பாடு கொண்டுவர வேண்டும். யார் எதைக் கொண்டுவருவது என்பதைப் பெரியம்மா ஒரு வாரத்துக்கு முன்பே போன் போட்டு, மந்திரி சபைக்கு இலாகா பிரிப்பது மாதிரி பிரித்துக்கொடுப்பார். ஒரு வீட்டுக்கு ஆட்டிறைச்சிப் பிரட்டல், ஒரு வீட்டுக்கு பிரியாணி, இன்னொரு வீட்டுக்கு இறால். நம் வீட்டுக்கு என்றைக்கும் ஒரே இலாகாதான். காகிதத் தட்டு.

அதற்குக் காரணம் உண்டு. பெரியம்மா காரணம் இல்லாமல் எதையும் செய்யமாட்டார். தைப்பூசத்துக்கு உங்கள் அம்மா தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கிறாள். அதற்கு ஒரு மண்டலம் விரதம். ஜனவரி முதல் தேதி எந்த வருடமும் அந்த விரதத்துக்குள்தான் வந்து விழும். "உங்க வீட்டுல விரதம், அடுப்பு சுத்தமா இருக்கணும், உனக்கு எதுக்குச் சிரமம்" என்று அத்தனை அன்பாகச் சொல்லித்தான் தட்டைத் தள்ளிவிடுவார். சாம்பார் கொண்டுவா, கேசரி கொண்டுவா என்று சொல்லலாம்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அப்புறம் யார் அதைச் சாப்பிடுவார்கள் என்று பெரியப்பா சிரித்தார்.

உங்கள் அம்மாவுக்கு இதில் என்ன மனத்தாங்கல் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். விருந்தில் ஒவ்வொன்றையும் வாயில் போட்டுவிட்டு, "இது யாரு செஞ்சது?" என்று கேட்பார்கள். உடனே ஒரு முகம் மலரும். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இது யாரு செஞ்சது என்று யாரும் கேட்டதில்லை. அதையும் பொறுத்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஃபுவா க்ரா செய்ததற்கு முந்தின வருடம், பெரியப்பாவின் ஆபீஸ் நண்பர் ஒருவர் வந்திருந்தபோது, பெரியப்பா வரிசையாக எல்லாரையும் அறிமுகப்படுத்தினார். இவங்க பிரியாணி, இவங்க இறால் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், உங்கள் அம்மாவிடம் வந்து, "இவங்க தட்டு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். உங்கள் அம்மாவும் சிரித்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காடியில் ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள் பின்சீட்டில் ஐஸ்கிரீமுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்ததால் கவனித்திருக்கமாட்டீர்கள்.

ஆகவே அடுத்த டிசம்பரில் பெரியம்மா போன் போட்டு, "நீ வழக்கம்போல தட்டை எடுத்துக்கிட்டு வந்துரு லா" என்று சொன்னதும், உங்கள் அம்மா ஸ்பீக்கரில் தெளிவாகச் சொன்னாள்.

"இல்லக்கா. இந்த வருஷம் சாப்பாட்டுக்கு முன்னாடி வைக்கிற அயிட்டம் நாங்க கொண்டாறோம். ஃபுவா க்ரா."

"அது நாம செய்யிற சாமானா?" என்றார் பெரியம்மா. "செஞ்சா நாம செஞ்ச சாமான்தானேக்கா" என்று சொல்லி உங்கள் அம்மா போனை வைத்தாள்.

ஏன் ஃபுவா க்ரா? பெரியப்பா கம்பெனிச் செலவில் ஒரு தடவை பாரிஸ் போய் வந்தவர். போனது ஒரு வாரம்கூட இல்லை. அதற்கப்புறம் பாரிஸ் நம் குடும்பத்தின் எல்லா விருந்துக்கும் வந்துகொண்டிருக்கிறது. கோழியைத் தின்றால், பாரிஸ் கோழி இப்படி இருக்காது. ரொட்டி கேனாயைத் தின்றால், பாரிஸ் ரொட்டி வேறு. அங்கே அவர் தின்றதிலேயே உயர்ந்தது இந்த வாத்து ஈரல்தானாம். நமக்கெல்லாம் அது எங்கே கிடைக்கப்போகிறது என்று வருடா வருடம் வருத்தப்படுவார், நமக்காக. அந்த வருத்தத்தைப் போக்கத்தான் உங்கள் அம்மா முடிவு செய்தாள்.

நான் மெதுவாக, வீட்டில் வேல் வைத்துப் பூசை போட்டாகிவிட்டதே, ஐஸ்பெட்டியில் முட்டைகூட இல்லையே என்று ஞாபகப்படுத்தினேன். விரதம் எனக்கு ஞாபகம் இல்லையா என்று முறைத்தாள். உண்மைதான், அவள் விரதத்தை மறந்து வாய்விடவில்லை. விரதத்தைக் காரணம் காட்டித்தான் தட்டு கொடுத்தார்கள் என்பது ஞாபகம் இருந்ததால் வாய்விட்டாள். விரதம் இருக்கிற வீட்டிலிருந்து உலகத்திலேயே கொழுத்த இறைச்சி போகவேண்டும். நம் குடும்பத்தில்தான் இப்படியெல்லாம் யோசிப்பார்கள்.

புலாவ் தீக்குஸில் வெள்ளைக்காரச் சாமான் விற்கும் ஒரு கடையில் உறைந்த வாத்து ஈரல் கிடைத்தது. விலையை எழுதமாட்டேன். உங்கள் அம்மா இதைப் படிப்பாள். ஐஸ் போட்ட பெட்டியில் வைத்து மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தேன். நம் வீட்டு வாசலைத் தாண்டும்போது பெட்டியை மறுபக்கத்துக் கைக்கு மாற்றிக்கொண்டேன், சாமி கண்ணில் படாமல் இருக்க. நேராக மாடிக் கோடியில் இருக்கும் சீன அக்கா வீட்டுக்குப் போனேன். அவருக்கு அன்று சீன மாதத்தின் முதல் நாள், சைவம். உங்கள் அடுப்பில் இதைச் சமைக்கலாமா என்று தயங்கிக்கொண்டு கேட்டேன். சைவம் எனக்குத்தான், அடுப்புக்கு இல்லை என்று மலாயில் சொல்லி, பின்பக்கத்துச் சமையல்கட்டைத் திறந்துவிட்டார். இவ்வளவு தெளிவான பதிலை நான் எந்தக் கோயிலிலும் கேட்டதில்லை.

உங்கள் அம்மா அந்தச் சமையல்கட்டு வாசற்படியைத் தாண்டவில்லை. வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எனக்குக் கட்டளை கொடுத்தாள். நான் பால்குடம் எடுக்கவில்லை, அவளுக்காகக் கூடச் சேர்ந்து சைவம் இருப்பவன். தொடலாமா என்று கேட்டேன். "கையுறை போட்டுக்குங்க" என்றாள். அப்படியாக, துறைமுகத்தில் பெட்டி இறக்கும்போது போடாத கையுறையை ஒரு வாத்தின் ஈரலுக்காகப் போட்டேன்.

இங்கேதான் ஒரு தவறு நடந்தது. உறைந்தது இளகியதும், என் கை என்னைக் கேட்காமல் தன் வேலையைப் பார்த்துவிட்டது. நம் வீட்டில் எந்த இறைச்சியும் மஞ்சளும் உப்பும் போட்டுத் தேய்க்காமல் சட்டிக்குப் போகாது. கவிச்சி போகவேண்டும் அல்லவா. வீட்டிலிருந்து வந்த மசாலா டப்பாவில் மஞ்சள்தூள் இருந்தது, கை எடுத்தது, தேய்த்தது, குழாயடியில் கழுவியும் விட்டது. உங்கள் அம்மா அப்போதுதான் வீடியோவிலிருந்து தலையைத் தூக்கி, வீடியோக்காரர் நரம்பை உருவி எடுக்கச் சொல்கிறார், பாலில் ஊறப்போடச் சொல்கிறார் என்றாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அந்த வெள்ளைக்காரரு மஞ்சள் போட்டாரா?"

"அவரு கழுவவே இல்ல" என்றேன். எனக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி.

வெண்ணெய் நிறத்தில் இருந்த ஈரல், தண்ணீர்மலைக்குப் போகிறவர்கள் கட்டுகிற வேட்டி மாதிரி மஞ்சளாக நின்றது. பாலில் ஊறப்போட்டோம். பால்தான் மஞ்சளானது, ஈரல் கொஞ்சமும் வெளுக்கவில்லை. சரி, நரம்பை உருவினேன். சீன அக்கா பெருநாளுக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த பிராந்தியில் ஒரு மூடி ஊற்றினார். உங்கள் அம்மா அந்த நேரம் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மெல்லிய தீயில் வதக்கி, வெண்ணெயும் பாலாடையும் சேர்த்து அரைத்து, சோயாப்பால் வடிகட்டும் துணியில் அமுக்கி வடித்தேன். நெய் மாதிரி வழுவழுவென்று இறங்கியது. பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ருசிதான் தெரியவில்லை.

யார் ருசி பார்ப்பது? வீடியோக்காரர் ஒவ்வொரு படியிலும் கரண்டியை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். எங்களால் மூட மட்டும்தான் முடியும். சீன அக்காவுக்குச் சைவம். நான் ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிட்டு வாய் கொப்பளிக்கிறேன் என்றேன். "நீங்க வாயில வச்சா நான் தூக்குற பாலுக்கு என்ன அர்த்தம்?" என்றாள் உங்கள் அம்மா. பக்கத்து வீட்டு மலாய் அண்ணன் முஸ்லிம், பிராந்தி ஊற்றியதை அவரிடம் கேட்கவே இல்லை. கேட்கக்கூடாததைக் கேட்காமல் இருப்பதால்தான் இந்த மாடியில் எல்லாரும் நிம்மதியாக இருக்கிறோம். கீழே சோறும் குழம்பும் விற்கிற நாசி கண்டார் கடை பாயிடம் மட்டும் கிண்ணத்தோடு போனேன். ருசி பார்க்க இல்லை, பார்த்துச் சொல்லத்தான். எத்தனை சட்டி குழம்பு கண்டவர் அவர்.

"அண்ணே, தள்ளி நின்னே காட்டுங்க" என்று கல்லாவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "பதம் நல்லா இருக்கு. கலரு மட்டும் நம்ம பருப்பு மாதிரி இருக்கு." அதற்குமேல் அவராலும் உதவ முடியவில்லை.

உங்களைக் கேட்கலாமே என்று நான் சொன்னேன். விரத வீடென்றால் நீங்களும் சைவம்தான் என்பது சட்டம். டியூஷன் முடிந்து கீழே பொரித்த கோழி வாங்கித் தின்பது எங்களுக்குத் தெரியாது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனால் உங்கள் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "புள்ளைங்க வாயில வச்சுப் பாக்குறதுக்கு இது என்ன எலி மருந்தா?" என்றாள். ஒரு மாடி முழுக்க மனிதர்கள் இருந்தும், ஒரு கரண்டி ஈரலுக்கு ஒரு நாக்கு கிடைக்கவில்லை.

கடைசியில் வழி சொன்னதும் அவள்தான். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் பந்தலில் அன்னதானத்துக்கு நான் அண்டா கிளறுவேன், உங்களுக்குத் தெரியும். சாமிக்குப் படைக்காமல் யாரும் அதை நாக்கில் வைக்கக்கூடாது. உப்பைக் கையால் அள்ளிப் போட்டு, ஆவியை மோந்து பார்த்தே போதுமா போதாதா என்று முடிவு செய்வோம். "அவ்ளோ பெரிய அண்டாவுக்கு மோந்து பாத்தே உப்பு போடுறீங்க. இந்தக் கிண்ணத்துக்குப் போட முடியாதா?" என்றாள். ரோஷம் வந்துவிட்டது. திரும்பவும் அடுப்பில் வைத்து, லேசாகச் சூடாக்கி, குனிந்து, சாம்பாரை மோப்பது மாதிரியே மோந்து, கொஞ்சம் கொஞ்சமாக உப்புப் போட்டேன். வாசனை சரியாக வந்தது. பிரான்ஸ் நாட்டுப் பதார்த்தம் அன்னதான முறைப்படி தயாரானது. கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, மேலே உருக்கிய வெண்ணெய் விட்டு, சீன அக்காவின் ஐஸ்பெட்டியில் வைத்துவிட்டு, நான் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் நம் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தேன்.

மறுநாள் கொண்டோவுக்குப் போய்ச் சேர்ந்தோம். மேசை நிறைய சாப்பாடு. பிரியாணி ஆவி பறக்கிறது. ஆனால் யாரும் சாப்பிடவில்லை. ஏனென்றால் தட்டு இல்லை. உங்கள் அம்மா கொண்டுவரமாட்டாள் என்று பெரியம்மாவுக்குத் தெரியும். ஆனால் அதை வேறு யாராவது வாங்கவேண்டும் என்பது அவருக்கோ மற்றவர்களுக்கோ தோன்றவே இல்லை. அத்தனை வருடமும் அது மழை மாதிரி தானாக வந்துகொண்டிருந்த பொருள் அல்லவா. கடைசியில் பெரியம்மா கண்ணாடி அலமாரியைத் திறந்து, கல்யாணத்துக்கு வந்து அன்றுமுதல் பார்வைக்கு மட்டும் இருந்த பீங்கான் தட்டுகளை எடுத்துத் துடைக்கச் சொன்னார். ஒவ்வொரு தட்டும் வெளியே வரும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.

அப்புறம் நம் கிண்ணத்தைத் திறந்தோம். வாட்டிய ரொட்டித் துண்டுகள் பக்கத்தில் இருந்தன. நிறத்தைப் பார்த்து ஒருவர், "ஓ, காயாவா?" என்று தேங்காய்ப்பால் ஜாம் என்று நினைத்து வழித்துத் தடவினார். பெரியப்பா அவரைத் தடுத்து நிறுத்தினார். கிண்ணத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதுதான் ஒரிஜினல். பாரிஸ்ல நான் சாப்பிட்டது இதைவிட மஞ்சளா இருக்கும்."

நானும் உங்கள் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்திருந்தால் அன்றைக்கு மானம் போயிருக்கும்.

ஆளுக்கு ஒரு துண்டு எடுத்தார்கள். மென்றார்கள். இரண்டாவது துண்டுக்கு யார் கையும் நீளவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்டாவில் சுடச்சுட இருக்கும்போது மோந்து போட்ட உப்பு, சுடச்சுட இலையில் விழும் சாம்பாருக்குச் சரி. ஐஸ்பெட்டியில் இருந்து குளிர்ந்த பிறகு உப்பு அடங்கிப்போகும். சப்பென்று இருந்திருக்கிறது. உங்கள் அம்மா அதை வாயில் வைக்காமலே, சாப்பிட்டவர்களின் முகத்தில் ருசி பார்த்துக்கொண்டு நின்றாள். கையில் இருந்த டிஷ்யூவைச் சின்னச் சின்னதாகக் கிழித்துக்கொண்டே இருந்தாள். அந்த நேரத்தில் அவள் கையில் ஒரு கட்டு காகிதத் தட்டைக் கொடுத்திருந்தால் நன்றியோடு வாங்கியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

பெரியம்மா ஒரு துண்டை முழுக்க மென்று விழுங்கினார். எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் அவர் போட்ட எலுமிச்சை ஊறுகாய் போத்தல். ரொட்டியில் தடவிய ஈரல்மேல் ஊறுகாயை நகக்கண் அளவு வைத்து, பக்கத்தில் இருந்தவர் வாயில் திணித்தார். அவர் கண் விரிந்தது. அப்புறம் என்ன, ரொட்டி தீர்ந்து, பிஸ்கட்டில் தடவி, பிஸ்கட்டும் தீர்ந்து, விரலால் வழித்தார்கள். பாரிஸில் ஊறுகாய் வைப்பார்களா என்று யாரோ கேட்டதற்கு, பெரிய ஓட்டலில் வைப்பார்கள் என்றார் பெரியப்பா.

அப்போது பெரியப்பாவின் அதே ஆபீஸ் நண்பர் கேட்டார். "இது யாரு செஞ்சது?"

கேள்வி பெரியம்மாவைப் பார்த்துத்தான் வந்தது. ஊறுகாய் போத்தல் அவர் கையில்தானே இருக்கிறது. உங்கள் அம்மா டிஷ்யூ கிழிப்பதை நிறுத்திவிட்டாள். பெரியம்மா போத்தல் மூடியைத் திருகி மூடினார். மெதுவாகத்தான் மூடினார்.

"என் தங்கச்சி செஞ்சது" என்றார். மூச்சு விடுகிற நேரம் கழித்து, "ஊறுகாய் நான் போட்டது" என்றும் சேர்த்துக்கொண்டார். அதைச் சேர்க்காமல் இருந்திருந்தால் எனக்குப் பயமாக இருந்திருக்கும், உடம்பு சரியில்லையோ என்று.

புறப்படும்போது லிஃப்ட் வரை வந்து, பொத்தானை அமுக்கிக்கொண்டே, "அடுத்த வருஷம் தட்டை நான் பாத்துக்கிறேன்" என்றார். உங்கள் அம்மா சரிக்கா என்று மட்டும் சொன்னாள். காடியில் ஏறியதிலிருந்து வீடு வரும் வரை பேசிக்கொண்டே வந்தாள்.

தைப்பூசம் முடிந்து, பால்குடம் இறக்கி, விரதம் முடித்த பிறகு ஒருநாள், சீன அக்கா தன் ஐஸ்பெட்டியை ஒழிக்கும்போது அடியில் உறைந்து கிடந்த ஒரு சின்னப் போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தார். விருந்துக்கு எடுத்துப்போகும் அவசரத்தில் விட்டுப்போன மிச்சம். நானும் உங்கள் அம்மாவும் சமையலறையில் நின்று, முதல் தடவையாக அதை வாயில் வைத்தோம். நான் பொதுவாக எதையும் குறை சொல்லாமல் சாப்பிடுகிறவன். உங்கள் அம்மா ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

"இதையா அத்தனை பேரும் வழிச்சுத் தின்னாங்க?" என்றாள்.

அடுத்த வருடம் வேறு ஏதாவது செய்யலாமே என்றேன். அது எப்படி முடியும் என்றாள். வேறு செய்தால் போன வருடம் செய்தது சரியில்லை என்று நாமே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடுமாம். ஆகவே பிள்ளைகளே, நம் வீட்டில் யாருக்கும் பிடிக்காத, யாரும் தொடக்கூடாத ஒரு பதார்த்தத்தை ஒவ்வொரு விரதத்திலும் செய்கிற கடமை நம் தலையில் விழுந்திருக்கிறது.

இந்த வருடத்து ஈரல் வாங்கியாகிவிட்டது. சீன அக்கா காலண்டரைப் புரட்டிப் பார்த்து, இந்தத் தடவை அன்று தனக்குச் சைவம் இல்லை, உப்பைத் தானே பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். நான் சந்தோஷப்பட்டேன். உங்கள் அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். மஞ்சளும் அதே அளவு, உப்பும் அதே அளவுதானாம்.

"உப்பைக் கூட்டிட்டா அப்புறம் எங்க அக்கா ஊறுகாய் வச்சுக்கிட்டு என்ன செய்யும், பாவம்?" என்றாள்.